பட்டணம் பார்த்தல்

பள்ளி விடுமுறை நெருங்கும் போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. சென்ற தவணை இறுதியிலும் ஒரு தாய் கேட்டார்: "சார், பிள்ளைங்கள மூனு நாள் கோலாலம்பூருக்குக் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு இருக்கோம். எங்கெங்க போனா நல்லா இருக்கும்?"

அவர் கலும்பாங்கில் பிறந்து வளர்ந்தவர். பேரங்காடிகளும் மீன் காட்சியகமும் இரட்டைக் கோபுரமும் அடங்கிய பட்டியல் ஒன்று அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அதில் தவறில்லை. ஆனால் என் மனம் அப்போது என் பாட்டியிடம் போய்விட்டது. கலும்பாங் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியே வாழ்நாளைக் கழித்தவர் அவர். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலாலம்பூருக்குத் தம் வாழ்வில் நான்கே முறைதான் சென்றதாகச் சொல்வார். ஒருமுறை தைப்பூசத்திற்கு, ஒருமுறை தாத்தாவைப் பெரிய மருத்துவமனையில் சேர்க்க, ஒருமுறை குடியுரிமைத் தாள்களுக்காக, ஒருமுறை படம் பார்க்க. கடைசியாகச் சொன்ன பயணத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்துவிடும். ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர்போல!

நகரத்தில் சில நாள் தங்கி, நல்ல உணவுண்டு, கலைக்கூடங்கள் கண்டு, தெருக்களில் மெல்ல உலாவி வருவதை இன்று விடுமுறை என்கிறோம். அத்தகைய விடுமுறை நம் தோட்டங்களுக்குப் புதிதன்று. துரை பங்களாவிற்கு அது நூறாண்டுப் பழக்கம். லயத்திற்குத்தான் புதிது. இந்த வேறுபாட்டின் வரலாற்றை அறிந்துகொண்டு நகரத்தைப் பார்த்தால், பட்டியலில் இல்லாத இடங்கள் பல கண்ணில் படும் என்பது என் எண்ணம்.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பெயர் விழுந்தால்தான் அன்றைய கூலி. மழை பெய்தால் மரம் சீவ முடியாது. சீவாத நாளுக்குக் கூலியில்லை. 1930-இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது ஆண்களின் நாள் கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்களின் கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டது. இத்தகைய கணக்கில் வாழ்ந்தவருக்கு ஒருநாள் ஓய்வு என்பது ஒருநாள் பட்டினிக்கு அருகில் நிற்பது. கூலியோடு கூடிய ஆண்டு விடுப்பை உறுதிசெய்த 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் இன்று ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 8 நாளும், ஐந்தாண்டுக்குக் குறைந்தவருக்கு 12 நாளும், அதற்கு மேற்பட்டவருக்கு 16 நாளும் தருகிறது. அந்த எட்டு நாளில் எத்தனை நாள் மருத்துவமனைக்கும் திருமணத்திற்கும் இறப்பு வீட்டிற்கும் போயின என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

துரைமார்களின் கதை வேறு. கோலாலம்பூரில் 1884-இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் கிளப் அவர்களின் வார இறுதி வீடு. பத்து ரோட்டில் 1921-இல் திறக்கப்பட்ட கொலிசியம் உணவகத்தில் தோட்டத் துரைகளும் ஈயச் சுரங்க முதலாளிகளும் அமர்ந்து இறைச்சி உண்டு மது அருந்தினர். வெயில் வாட்டினால் கோலா குபுவிலிருந்து மலைப்பாதையில் ஏறிப் பிரேசர் மலைக்குப் போய்விடுவர். (1951 அக்டோபர் 6-ஆம் நாள் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்த மலைக்குப் போகும் வழியில்தான்.)

இதே காலத்துத் தொழிலாளி எப்படி நடமாடினான் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கி, சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை நான் முதன்முதலாகப் படித்தபோது ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. ஊதிய உயர்வு, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றோடு, துரையும் கிராணிகளும் எதிரில் வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டியதில்லை என்பதும் ஒரு கோரிக்கை! உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பது மற்றொன்று. மே மாதத்தில் படையினர் வரவழைக்கப்பட்டனர். தொழிலாளர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். போராட்டத்திற்குத் தலைமை தாங்கிய ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். தெருவில் நிமிர்ந்து செல்வதே கேட்டுப் பெற வேண்டிய உரிமையாக இருந்த காலம் அது. நம் பிள்ளைகள் கோலாலம்பூர்த் தெருக்களில் கைவீசி நடக்கும்போது இது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஆகவே அந்தத் தாய்க்கு நான் வேறொரு பட்டியல் கொடுத்தேன். தொடர்வண்டியில் போங்கள் என்றேன். முன்பு கலும்பாங்கிலேயே நிலையம் இருந்தது. பாட்டி அங்கேதான் ஏறினார். இரட்டைத் தண்டவாளம் போடப்பட்டு, 2009-இல் கொமுட்டர் சேவை தஞ்சோங் மாலிம் வரை நீண்டபோது, கோலா குபு பாருவுக்கு அடுத்த நிறுத்தமாகத் தஞ்சோங் மாலிமே அமைந்தது. கலும்பாங் மக்கள் வடக்கே போய் ஏறித் தெற்கே வர வேண்டியதாயிற்று. வளர்ச்சி சில நேரங்களில் இப்படித்தான் நம் வீட்டு வாசலைத் தாண்டி ஓடிவிடுகிறது.

பேங்க் நெகாரா நிறுத்தத்தில் இறங்கினால் பழைய பத்து ரோடு, இன்றைய துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை, நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது. அங்கே கொலிசியம் உணவகமும் 1920-இல் கட்டப்பட்ட கொலிசியம் திரையரங்கமும் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். தமிழ்ப் படங்களுக்குப் பெயர்பெற்ற கொட்டகை அது. உணவகத்தில் துரை, பக்கத்துக் கொட்டகையில் தமிழ்ப் படம். பாட்டி பார்த்த படமும் அங்கேதான். மற்ற மூன்று பயணங்களிலும் வாழையிலையில் கட்டிச்சென்ற புளிச்சோற்றை நிலைய மேடையில் உட்கார்ந்து உண்டவர், அன்று மட்டும் ஒட்டுக்கடையில் மீ கோரேங் சாப்பிட்டாராம். காரம் போதவில்லை என்று பின்னாளிலும் குறைப்பட்டுக் கொள்வார்.

இன்று உங்கள் பிள்ளைகளை அந்த உணவகத்திற்குள்ளேயே அழைத்துச் செல்லலாம். யாரும் தடுக்கப் போவதில்லை. விலை சற்றுக் கூடுதல்தான். ஆயினும் ஒருவேளை உணவை அங்கே உண்பதை நான் வீண்செலவு என்று சொல்ல மாட்டேன்.

அங்கிருந்து மஸ்ஜித் இந்தியா சாலையின் துணிக்கடைகளையும் பூக்கடைகளையும் கடந்து லெபோ அம்பாங்கிற்கு வாருங்கள். நகரத்தார் கிட்டங்கிகள் இருந்த தெரு அது. கீழே பெட்டியடி, கணக்குப் பிள்ளை, மேலே தங்குமிடம். ரப்பர்த் தோட்டங்கள் பல இந்தத் தெருவின் கடனில் வாங்கப்பட்டன. கடன் தீராதபோது சில இந்தத் தெருவிற்கே கைமாறின. நம் முன்னோர் கண்ணால் காணாத அந்தக் கணக்கேடுகளில் அவர்கள் வேலை செய்த நிலங்கள் எழுதப்பட்டிருக்கக் கூடும்.

இன்னும் சற்று நடந்தால் துன் எச்.எஸ்.லீ சாலையில் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில். தம்புசாமிப் பிள்ளை 1873-இல் தோற்றுவித்த இக்கோயில் 1885-இல் இப்போதைய இடத்திற்கு வந்தது. தைப்பூச வெள்ளித் தேர் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான். பிள்ளைகள் கும்பிட்டவுடன் வெளியே ஓடத் துடிப்பார்கள். ஒரு கால் மணி நேரம் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பாட்டியைப் போன்றவர்களுக்குச் சிற்பக்கூடமும் ஓவியக்கூடமும் அதுவாகத்தான் இருந்தது.

கோலாலம்பூர்ப் பழைய நிலையத்தையும் விட்டுவிடாதீர்கள். ஆர்தர் பெனிசன் ஹப்பாக் வரைந்து 1910-இல் திறக்கப்பட்ட கட்டடம். வட இந்திய முகலாயக் கட்டடக் கலையைத் தழுவிய குவிமாடங்களைக் கண்டு, முதன்முறை வந்திறங்கிய பாட்டி அதை அரண்மனை என்றே நினைத்தார். 2001-இல் கே.எல். சென்ட்ரல் வந்தபின் நெடுந்தொலைவு வண்டிகள் அங்கே மாறிவிட்டன. கொமுட்டர் மட்டும் பழைய நிலையத்தில் நிற்கிறது. கூட்டமில்லாத அந்த மேடையில் நின்று பார்த்தால்தான் அதன் அழகு தெரிகிறது.

இரண்டாம் நாளைப் பிரிக்பீல்ட்சுக்கே கொடுத்துவிடலாம். 1881-ஆம் ஆண்டுத் தீயிலும் வெள்ளத்திலும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகள் அழிந்தன. பின்னர் நகரத்தைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று பிராங்க் சுவெட்டன்ஹாம் முடிவு செய்தார். அதற்கான செங்கற் சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். சூளைகளுக்குப் பின் இரயில்வே வந்தது. தண்டவாளம் போட்டவர்களும் பட்டறையில் உழைத்தவர்களும் இங்கே குடியேறினர். அலுவலகங்களில் எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் இருந்த யாழ்ப்பாணத் தமிழரும் குடியேறினர். ஒரே மொழி பேசிய இவ்விரு கூட்டத்தாரும் ஒரே வாழ்க்கை வாழவில்லை. இதை நம் பாடநூல்கள் பேசுவதில்லை. 1904-இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமம் இன்னும் நிற்கிறது. இரயில்வே ஊழியருக்காகக் கட்டப்பட்டு 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' எனப்பட்ட வீடுகளோ இடிக்கப்பட்டுவிட்டன. நான் அவ்வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தெருப்பக்கம் சன்னல், பின்பக்கம் சந்து, நெருக்கமான வரிசை. நம் லயங்களுக்கு அக்காள் முறை என்று அப்போது தோன்றியது. படமெடுத்து வைக்காமல் போனேனே என்று இன்றும் வருந்துகிறேன்.

2010-இல் இவ்விடம் 'லிட்டில் இந்தியா' ஆக்கப்பட்டு வளைவுகளும் வண்ணத் தூண்களும் நடப்பட்டன. அவை என் மனத்தைத் தொடவில்லை, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மதியம் வாழையிலைச் சாப்பாடு, மாலையில் வடையும் அப்பமும் என்று வயிற்றுக்குக் குறையிருக்காது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் தொடங்கிய 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' என்னும் நுண்கலைக் கோயில் இங்கேதான் இருக்கிறது. அதன் அன்னலட்சுமி உணவகம், விரும்பியதை உண்டு மனத்திற்குத் தோன்றியதைக் கொடுக்கலாம் என்ற முறையில் தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் பள்ளிக் கலைவிழாவிற்குப் பரதம் பழகும் பிள்ளைகள் அங்கே பயிற்சி ஒலியைக் கேட்டாலே போதும். கால்கள் தாமாகத் தாளம் போடும்.

மூன்றாம் நாளுக்குத் தேசிய ஓவியக் கலைக்கூடம். 1958-இல் தொடங்கப்பட்டு, 1984-இல் பழைய மெஜஸ்டிக் விடுதிக்கு மாறி, 1998-இல் இப்போதைய கட்டடத்திற்கு வந்தது. தமிழ்நாட்டின் அழகன்குளத்தில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற சையத் தாஜுதீன் மலேசிய ஓவியர்களுள் முன்வரிசையில் இருப்பவர் என்பது நம் மாணவருள் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் படம் அன்றைக்குக் காட்சியில் இல்லாவிட்டாலும் பெயரையாவது சொல்லி வையுங்கள். ஓர் அறையில் ஒரு படத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் பார்த்தால் எதுவும் நினைவில் நிற்பதில்லை.

அந்தத் தாய் விடுமுறை முடிந்து பள்ளிக்கு வந்தார். மீன் காட்சியகத்திற்கும் போனார்களாம், போகட்டும். தம் மாமியாரையும் உடன் அழைத்துச் சென்றதாகச் சொன்னார். பத்து ரோட்டில் நடக்கும்போது அந்த மூதாட்டி ஓரிடத்தில் நின்றுகொண்டு, "இங்கதான் இருந்துச்சு, இங்கதான் இருந்துச்சு" என்று இருமுறை சொன்னாராம். எது இருந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டதற்குச் சிரித்துவிட்டு நடந்துவிட்டார். மருமகளுக்கும் தெரியவில்லை. வரும் சனிக்கிழமை காலையில் அவர் வீட்டிற்கே போய்க் கேட்பதாக இருக்கிறேன். எழுதிக்கொள்ள ஏடும் எடுத்து வைத்துவிட்டேன்.