எடைக்குப் போன வரலாறு: பழைய தினசரிகளை ஒழுங்கு செய்தல் குறித்து

"இதையெல்லாம் கட்டிக்கிட்டு அழுவுறதுக்கு ஒரு மனுசன் இருந்தாரு, போயிட்டாரு. இப்ப நீ வேறயா?" என்று அம்மா கேட்டாள். 2003ஆம் வருஷம். பரணிலிருந்து நான் இறக்கிப்போட்ட பதினாறு கட்டுகள் கூடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. அப்பா கீழ்வேளூர் கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்தவர். பக்கத்து டீக்கடைக்கு வந்த தினசரிகள் மறுநாள் காலை அவரிடம் வந்துவிடும். டீக்கடைக்காரர் வீட்டுத் துணிகளைக் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்ததற்கான கைம்மாறு அது. பாதித் தாள்கள் ஜாக்கெட்டுக்கும் சட்டைக்கும் அளவு வெட்ட உதவும். மீதி வீட்டுக்கு வந்து அடுக்கப்படும். ஏன் அடுக்குகிறார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அன்றைக்கு மூன்று குவியலாகப் பிரித்தேன். தலையங்கங்கள், தலைவர்கள் மறைவு, தேர்தல் முடிவுகள், ஞாயிற்றுக்கிழமை இலக்கியப் பக்கங்கள் ஆகியவை வைத்துக்கொள்ள வேண்டியவை. சந்தேகமானவை இன்னொரு பக்கம். மாவட்டச் செய்திப் பக்கம், ஏல நோட்டீஸ், கோர்ட் அறிவிப்பு, நினைவஞ்சலி, சினிமா விளம்பரம் எல்லாம் கடைக்குப் போட வேண்டியவை. மாலைக்குள் சந்தேகக் குவியலும் களைப்பில் மூன்றாவதோடு சேர்ந்துவிட்டது. பதினொரு கட்டுகள் போயின. பழைய பேப்பர்காரர் ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்து, அடியில் ஈரச் சாக்கோ கல்லோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்தார். இங்கிலீஷ் பேப்பர் இருந்தால் கிலோவுக்குக் கூடத் தருவேன் என்றார். தமிழ்ப் பேப்பருக்கு ஒரு விலை, இங்கிலீஷ் பேப்பருக்கு ஒரு விலை. தராசுக்கும் வருணாசிரமம் உண்டு என்று ஒரு ஹாஸ்யம் சொல்லிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டேன். முற்போக்கானவன் என்று என்னைப்பற்றி எனக்கு அப்போது நல்ல அபிப்பிராயம் இருந்தது.

பதினைந்து வருஷம் கழித்து, 2018இல், வெண்மணியின் ஐம்பதாவது ஆண்டையொட்டி ஒரு நண்பர் எழுத உட்கார்ந்தார். வெண்மணிக்குப் பிந்தைய கால் நூற்றாண்டில் நாகை வட்டாரத்தில் நடவுக்கூலி எப்படி மாறியது, எந்தெந்த ஊரில் எத்தனை நாள் வேலைநிறுத்தம், முத்தரப்புப் பேச்சுவார்த்தையில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு வேண்டியிருந்தது. "உங்க அப்பா பேப்பர் சேத்து வச்சிருந்தாரே?" என்றார். சேர்த்துத்தான் வைத்திருந்தார். ஆனால் அவர் கேட்டவை அத்தனையும் மாவட்டப் பக்கத்துச் சமாச்சாரங்கள். என்னிடம் மிஞ்சியிருந்தவை தலையங்கங்கள். ஒரு நூலகத்தில் போய் விசாரித்தோம். பைண்டு செய்து வைத்திருந்தார்கள். ஆனால் வேறொரு ஊர்ப் பதிப்பை. ஒரே தேதியில் ஒரே பத்திரிகை ஊருக்கொரு முகத்தோடு வெளிவருகிறது. நூலகம் அவற்றில் ஒரு முகத்தைத்தான் காப்பாற்றுகிறது. மற்றவை கடைக்காரர்கள், தையல்காரர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள் வீட்டுப் பரணில் இருந்தால் உண்டு.

ஆக, வீட்டைச் சுத்தம் செய்வது என்பது குடும்ப விவகாரம் மட்டுந்தானா? அன்றைக்குப் பிரித்தது என் கை என்றாலும் அளவுகோல் என்னுடையதில்லை. தலையங்கம் பெரியது, கூலிச்செய்தி சிறியது என்ற படிநிலையைப் பத்திரிகையே எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. பக்க எண்ணும் எழுத்தின் பருமனும் அதைத்தான் சொல்லின. பல்கலைக்கழக வரலாற்றுத்துறையும் அதைத்தான் சொன்னது. நான் பரணுக்கடியில் உட்கார்ந்து அந்தச் சொல்லாடலை இன்னொரு முறை அமுல்படுத்தினேன்.

ஆவணக் காப்பகத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லின் வேர், கிரேக்கத்தில் அதிகாரிகளின் வீட்டைக் குறிப்பது என்று தெரிதா 1990களின் நடுவில் எழுதினார். ஆவணம் முதலில் ஒரு வீட்டில் தங்குகிறது. அந்த வீட்டுக்காரனுக்கே அதை விளக்கும் உரிமையும் போகிறது. இதை நம்மூருக்குக் கொண்டுவந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. யாருக்கு வீடு இருக்கிறது? எங்கள் வீடு சின்னதுதான், ஆனாலும் ஓட்டு வீடு. மழைக்கு ஒழுகும், வருஷத்துக்கொரு தரம் கூரை மாற்ற வேண்டிய குடிசையில் எந்தத் தாள் தங்கும்? 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தத் தெருவில் சங்க ரசீது, கூலிக் கணக்கு எழுதிய துண்டுத்தாள் என்று எது இருந்திருந்தாலும் அதுவும் சேர்ந்தே போயிருக்கும். நிலவுடைமைக்காரர் பக்கத்தில் பத்திரம், பட்டா, கோர்ட் தீர்ப்பு எல்லாம் பத்திரமாகவே இருக்கின்றன.

தினசரி வாசகர்கள் ஒரே நேரத்தில் ஒரே தாளைப் படிப்பதன் வழியாகத் தங்களை ஒரு தேசமாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள் என்ற பெனடிக்ட் ஆண்டர்சனின் வாதம் (1983) நம்மிடையே அதிகம் எடுத்தாளப்படுகிறது. எங்கள் கடைத்தெரு டீக்கடையை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! அங்கே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் சிலர். உரக்கப் படிக்கக் கேட்டவர்கள் சிலர். தனிக் கிளாசை வாங்கிக்கொண்டு கடைக்கு வெளியே குத்துக்காலிட்டுக் கேட்டவர்களும் உண்டு. தாள் ஒன்றுதான். அது மூன்று உயரங்களில் வாசிக்கப்பட்டது. அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது இந்த உயரங்கள் எதுவும் அதில் பதிந்திருக்கவில்லை. டீக்கறை மட்டும் இருந்தது.

அதே வெண்மணியைப் பல நாளிதழ்கள் முதலில் இரு தரப்பு விவசாயிகளின் மோதலாகவே எழுதின என்பதைப் பின்னால் பலரும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். எரித்தவர்களும் எரிந்தவர்களும் 'விவசாயிகள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கப்பட்டார்கள். கிளர்ச்சியை ஒடுக்கியவர்களின் உரைநடை குறித்து 1983இல் ரணஜித் குஹா எழுதிய கட்டுரை இங்கே நமக்கு உதவும். சம்பவத்துக்கு மிக அருகிலிருந்து எழுதப்பட்ட அறிக்கைதான் மிக நம்பகமானது என்ற எண்ணத்தை அவர் கலைத்துப்போட்டார். அருகில் இருந்தவன் எந்தப் பக்கம் நின்றான் என்பதுதான் கேள்வி. அப்படியானால் இந்தத் தினசரிகளை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம், கேட்டும் இருக்கிறார்கள். பொய்யை எப்படிச் சொன்னார்கள் என்பதற்கு அந்தத் தாளைவிட்டால் வேறு சாட்சி கிடையாது. 1970இல் கீழ்க்கோர்ட்டில் தண்டனை, 1973இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் விடுதலை என்று தீர்ப்புகளுக்காவது எண்ணும் தேதியும் உண்டு. 1968இல் அச்சேறிய அந்த 'மோதல்' என்ற சொல் அந்த ஒரு நாள் தாளில்தான் இருக்கிறது. அதை எடைக்குப் போட்டால், 'நாங்கள் அப்படி எழுதவேயில்லை' என்று நாளைக்குச் சொல்வதற்குத் தடையேதுமில்லை.

மிஞ்சிய ஐந்து கட்டுகளுக்குள் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. அப்பா கத்தரித்து வைத்த துணுக்குகள். தையல் கத்தரியால் வெட்டியவை, ஓரம் நேராக இருக்கும். ஒன்றிலும் தேதி இல்லை, பத்திரிகையின் பெயரில்லை. கத்தரிப்பது என்பது காப்பாற்றுகிற மாதிரித் தெரிகிற ஒரு அழிப்பு. செய்தியைப் பக்கத்திலிருந்து பிடுங்கி, அதற்கு அக்கம்பக்கமாக இருந்த அத்தனையையும் குப்பையாக்கிவிடுகிறோம். ஒரு துணுக்கு விவசாயத் தொழிலாளர் கூலி பற்றியது. கலம் ஒன்றுக்கு அறுவடைக் கூலியாகக் கூடுதலாக அரைப்படி நெல் கேட்பது பற்றிப் பத்து வரி. 1967 மன்னார்குடி ஒப்பந்தத்துக்கு முன்பா பின்பா என்று தெரியவில்லை. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பாதியாக வெட்டுண்ட சினிமா விளம்பரம், 'ஒளி விளக்கு'. எம்.ஜி.ஆரின் நூறாவது படம், 1968 செப்டம்பரில் வெளிவந்தது. ஆகவே துணுக்கு அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் கொட்டகைகளுக்குப் படம் எப்போது வந்து சேரும் என்பது வேறு விஷயம். வெண்மணிக்கு முன்பா பின்பா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 2003இல் சினிமா விளம்பரங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கடைக்குப் போட்டவன் நான். அவற்றை வைத்திருந்தால் எந்த வாரம் எந்தக் கொட்டகையில் என்ன ஓடியது என்று ஒப்பிட்டு இந்தத் துணுக்குக்குத் தேதி போட்டிருக்கலாம்.

அற்பமென்று தோன்றுவது எப்படியெல்லாம் பேசும் என்பதற்கு இன்னொரு உதாரணம், எல்லோரும் அறிந்ததுதான். 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. நெருக்கடிநிலைத் தணிக்கையால் மிசாவில் கைதானவர்கள் யார் யார் என்று அச்சிட வழியில்லை. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாளையொட்டி, அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று மாவட்டவாரியாகப் பெயர்களை வெளியிட்டது முரசொலி. வாசகர்களுக்குப் புரிந்துவிட்டது. வெறும் பெயர்ப் பட்டியல். பரணை ஒழிக்கிற எவனும் முதலில் தூக்கி எறிகிற பக்கம் அது. தணிக்கையதிகாரியும் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். அவனுடைய கண்ணும் என்னுடைய கண்ணும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

அயோத்திதாசப் பண்டிதரின் கதையை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி, அடுத்த ஆண்டு 'தமிழன்' என்றான வார இதழை 1914இல் இறக்கும்வரை நடத்தினார். பூர்வ பௌத்தம், சாதி, பண்டிகைகள், இலக்கணம் என்று அதில் அவர் தொடாதது குறைவு. பிற்பாடு கோலார் தங்கவயலிலிருந்தும் 'தமிழன்' வெளிவந்தது. நம்முடைய நவீனத் தமிழ்ச் சிந்தனை வரலாறுகளில் நெடுங்காலம் அவருக்கு ஒரு வரி இடங்கூட இல்லை. 1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வாயிலாக ஞான. அலாய்சியஸ் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளைக் கொண்டுவந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சி, தொண்ணூறுகளில் சிறுபத்திரிகை படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தொகுப்பு ஏன் சாத்தியமாயிற்று? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களை விடாமல் காப்பாற்றி வைத்திருந்ததால். மாற்று வீட்டில் அடுக்கிய மாற்று ஆவணம். எந்தப் பேராசிரியரும் வந்து கேட்காத பத்தாண்டுகளிலும் யாரோ அதற்குக் கரையான் தட்டியிருக்கிறார்கள், வெயிலில் காட்டியிருக்கிறார்கள், வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களும் "இதை என்னத்துக்கு" என்று கேட்டிருப்பார்கள்தான். ஆனாலும் எடைக்குப் போடவில்லை. இந்த 'போடாமை'யை ஒரு அரசியல் செயலாக எழுதும் வரலாறு நம்மிடம் இன்னும் இல்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் தொழிலிலிருந்து வந்தவர். புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று யாரும் சீந்தாததையும் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, அது 1994 முதல் சென்னையிலேயே நூலகமாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் பொதுநூலகத்தின் 97,000 நூல்களோடு 'ஈழநாடு' நாளிதழின் அலுவலகமும் எரிந்தது. எரித்தவனுக்கும் தெரிகிறது, நூலைப்போலவே தினசரியும் ஆபத்தானது என்று. நாம் எரிப்பதில்லை. போகிக்கு முதல்நாள் பேப்பர்காரரைக் கூப்பிடுகிறோம்.

இனி நடைமுறை. இந்தமுறை அவசரப்படவில்லை. தினசரித் தாள் மரத்தை அப்படியே அரைத்த கூழ். அதிலுள்ள லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுக்கிறது, தாள் தன் அமிலத்தாலேயே தன்னைத் தின்கிறது. மடிப்பில்தான் முதலில் ஒடியும். ஆகவே மடிக்காமல் விரித்து, பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டினேன். சணல் ஓரத்தை அறுக்கும். ரப்பர் வளையம் உருகி ஒட்டும். குண்டூசிகளை எடுத்தேன், துரு பிடித்திருந்தது. செல்லோடேப்பைத் தொடவில்லை, பிய்த்தால் எழுத்தும் வரும். அந்துருண்டையையும் வசம்பையும் இராமபாணப் பூச்சி எவ்வளவு மதிக்கும் என்று போகப்போகத்தான் பார்க்க வேண்டும். பொருள்வாரியாகப் பிரிக்காமல் தேதிவாரியாக அடுக்கினேன். பொருள்வாரி என்றால் மறுபடியும் என்னுடைய பொருளாகத்தான் இருக்கும். அடுக்கும்போது எழுபதுகளின் தாள்கள் மெலிந்திருப்பதைக் கவனித்தேன். அச்சுத்தாள் ஒதுக்கீடு, பத்துப்பக்க வரம்பு, அந்த வரம்பை 1972இல் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது இதெல்லாம் படித்தது. கட்டின் கனத்தில் அது கைக்கே தட்டுப்பட்டது. தாள் குறையும்போது எந்தச் செய்தி முதலில் வெட்டுப்படும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வேலை முடிகிற சமயத்தில் அம்மாவின் இரும்புப் பெட்டியை நகர்த்தித்தர வேண்டியிருந்தது. புடவைகளை எடுத்தபோது அடியில் விரித்திருந்த தாள் தெரிந்தது. முழுப் பக்கம், தேதியோடு, 1977 தை மாதத்துடையது. மாவட்டப் பக்கம். மூன்றாவது பத்தியில் அறுவடைக் கூலி, நாலு ஊர்களின் பெயர், பேச்சுவார்த்தை முறிவு. அப்பாவின் பதினாறு கட்டிலும் நான் தேடியது, எதற்கும் ஆகாதென்று அம்மா பெட்டிக்கடியில் போட்டதில் இருந்தது. எடுக்கப் போனேன்.

"அத ஏன் பிய்க்கிற? பொட்டிக்கடியில என்னத்த விரிக்கிறதாம்?"

அன்றைய பேப்பரைக் கொடுத்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வழவழன்னு படமா இருக்கு, சாயம் ஒட்டும்" என்றாள். பிறகு மாவட்டப் பக்கமாகப் பார்த்து ஒரு தாளை உருவி விரித்துக்கொண்டாள்.