டாங்கியைக் காப்பாற்றிய மின்மாற்றி

இன்று கொஞ்சம் வித்தியாசமான ஒரு வரலாறு.

யுத்த டாங்கி என்றால் எதற்கும் அசையாத இரும்பு என்றுதான் நினைக்கிறோம். ஆனால் துப்பாக்கி ரவை துளைக்காத தகட்டை, உள்ளே தேங்கி நிற்கும் மழைத் தண்ணீர் தின்று முடித்துவிடும்.

முதலாம் உலக யுத்தச் செலவுக்காக பிரித்தானிய மக்களிடம் சேமிப்புப் பத்திரங்கள் விற்கப்பட்டன. யுத்தம் முடிந்ததும், பணம் சேர்த்துக் கொடுத்த ஊர்களுக்கு நன்றிக்கடனாக அரசாங்கம் பழைய டாங்கிகளைப் பரிசளித்தது. 260க்கும் அதிகமான ஊர்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன. கென்ட் பகுதியில் உள்ள ஆஷ்ஃபோர்ட் நகரத்துக்கு 1919 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஒன்று கிடைத்தது. ‘மார்க் 4’ வகை. உள்ளே எட்டுப் பேர். அவர்களுக்கு நடுவிலேயே சூடும் புகையும் கக்கும் எஞ்சின். வேகமோ மனிதன் நடக்கிற அளவுதான்.

கொண்டுவந்த நாளில் கூட்டமும் பேச்சும் இருந்தன. பிறகு? ஊர்ச் சதுக்கங்களில் அவை மழையில் நனைந்து கறள் பிடித்தன. போர்முனையில் இருந்து திரும்பியவர்கள் பலருக்கு அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. செத்துப்போன கூட்டாளிகளின் நினைவுதானே வரும்! 1920களிலும் 30களிலும் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போயின. மிஞ்சியவற்றில் பெரும்பாலானவற்றை இரண்டாம் உலக யுத்தத்தின் இரும்புத் தேவை விழுங்கியது.

ஆஷ்ஃபோர்ட் டாங்கி தப்பியது. காரணம் வரலாற்றுப் பற்று அல்ல. 1929இல் அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, வயிற்றுக்குள் மின்மாற்றியை வைத்தார்கள். ஊருக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டியை யார் உடைப்பார்கள்? 1968இல் மின்மாற்றியை அகற்றும் வரை அது வேலை செய்தது. அதற்குள் டாங்கி அரிய பொருளாகிவிட்டது. 1988இல் மேலே கூரை போட்டார்கள். அந்தப் பரிசு டாங்கிகளில், கொடுத்த இடத்திலேயே இன்றும் நிற்பது இது ஒன்றுதான். ஆனால் கழற்றிய எஞ்சின் போனது போனதுதான்.

காட்சிக்கு நிற்கும் பழைய வாகனங்களைப் பராமரிப்பவர்கள் சொல்வது எளிமையான விடயங்கள். முதலில் கூரை. அடித்தட்டில் தண்ணீர் வடிய வழி. மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் உள்ளே காற்றோட்டமும் வேண்டும். அடைத்து வைத்தால் ஈரம் உள்ளேயே வியர்க்கும். எரிபொருளையும் பற்றரியையும் எடுத்துவிட வேண்டும். ரயர் உள்ள வாகனத்தை முட்டுக்கொடுத்துத் தூக்கி வைத்தால், பாரம் முழுவதும் ரயரில் இறங்காது. கறளைச் சுரண்டாமல் அதன் மேலேயே பெயின்ட் அடிப்பது பராமரிப்பு அல்ல. வெளியே பளபளப்பாக இருக்க, உள்ளே தகடு உதிர்ந்துகொண்டிருக்கும்.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. 1991 ஜூலை ஆனையிறவுச் சண்டையில் விடுதலைப் புலிகள் கவசத் தகடு போர்த்திப் பாவித்த புல்டோசர், அதை நிறுத்தப்போய் உயிர்விட்ட சிப்பாய் காமினி குலரத்னவின் நினைவாக ஏ9 வீதியோரம் நிற்கிறது. அதைக் கடக்கும் சிங்களவருக்கு ஒரு நினைவு, தமிழருக்கு ஒரு நினைவு, நமக்கு ஒன்று. அவை ஒன்றாகாது. பக்கத்திலேயே உப்பளம். உப்புக் காற்று யார் பக்கம் என்று பார்ப்பதில்லை, எல்லா இரும்பையும் ஒரே மாதிரித்தான் அரிக்கும்.

இப்படியானவற்றை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெருமைக்காக அல்ல. யுத்தம் படத்தில் வருவது போல அல்ல, எட்டு மனிதர்களை ஒரு இரும்புப் பெட்டிக்குள் அடைத்து அனுப்புவது என்பதை, அந்தச் சிறிய கதவுக்கு முன்னால் நின்றால்தான் பிள்ளைக்கு விளங்கும். பாடப்புத்தகத்தில் அது ஒரு வரி.

எதையாவது நினைவுச்சின்னமாக நிறுத்த முடிவெடுக்கும் எந்த ஊரும் திறப்புவிழாவுக்கு முன் மூன்று கேள்விகள் கேட்கட்டும். கூரை உண்டா? தண்ணீர் வடியுமா? பத்து வருடம் கழித்து அதைத் துடைக்கப்போவது யார்? மூன்றாவதற்குப் பதில் இல்லாவிட்டால், முதல் இரண்டுக்கும் செலவழித்த காசு வீண்.