டரல் பாதிரியார் கண்ட சிறுவன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், அம்பலாங்கொடை வெஸ்லியன் பாடசாலையில் ஒரு பரிசளிப்பு விழா. விருந்தினராக வந்தவர் காலி றிச்மண்ட் கல்லூரி அதிபர் வண. ஜே.எச். டரல். ஒரே சிறுவன் திரும்பத் திரும்ப மேடையேறுவதைக் கண்ட அவர், “பரிசுகளைக் கொண்டுசெல்ல இவனுக்கு ஒரு மாட்டுவண்டி வேண்டும்” என்று வேடிக்கையாகக் கூறினாராம். வேடிக்கையோடு நிற்காமல், புலமைப்பரிசில் தந்து அவனைத் தமது கல்லூரிக்கு அழைத்துக்கொண்டார்.

அந்தச் சிறுவன்தான் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. 1931 முதல் 1947 வரை இலங்கையின் கல்வி அமைச்சராக இருந்தவர்.

தமக்குத் தற்செயலாகக் கிட்டிய வாய்ப்பை நாட்டின் ஏழைப் பிள்ளைகளுக்கு உரிமையாக்க அவர் முயன்றார். 1943இல் அவரது விசேட குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே மத்துகமவில் தொடங்கிய மத்திய பாடசாலைகள் நாடெங்கும் ஐம்பதுக்கு மேல் எழுந்தன. ஐந்தாம் வகுப்பில் திறமை காட்டிய கிராமத்துப் பிள்ளைக்கு அங்கே விடுதியும் உணவும் படிப்பும் கிடைத்தன. மட்டக்களப்பின் வந்தாறுமூலையிலும் அத்தகைய பாடசாலை ஒன்று தோன்றியது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது அதன் வளாகத்திலேதான். இன்றைய கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிறப்பிடம் அது.

ஆயினும் இத்திட்டத்தின் ஒளி எல்லா மூலைகளிலும் படவில்லை. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டன. அரசு அவற்றைக் கையேற்கத் தொடங்கியது 1970களிலேதான். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் லயங்களிலே பிறந்த எத்தனை கன்னங்கராக்கள் கொழுந்துக்கூடையோடு மலையேறிப் போனார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

கிராமத்துத் திறமையைத் தேடிச் செல்லப் பிறந்த புலமைப்பரிசில் பரீட்சை, காலப்போக்கில் நகரத்துப் பிரபல பாடசாலைகளின் நுழைவாயிலாகவும் மாறியது. பத்து வயதுப் பிள்ளை பள்ளி முடிந்ததும் ரியூசனுக்கு ஓடுகிறது. பணம் செலவழிக்கக்கூடிய வீட்டுப் பிள்ளை முந்துகிறது. எவரை நினைத்து இத்திட்டம் வகுக்கப்பட்டதோ அவர் பிந்துகிறார்.

இதிலே பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. பெறுபேறு வெளியானால் முதலிடம் பெற்ற பிள்ளையின் படத்தைத் தேடி ஓடினோம். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்ற பிள்ளையின் வீட்டுக்கு நான் ஒருமுறையேனும் போனதில்லை. அந்த வீட்டில் அன்றிரவு என்ன நடந்தது என்று எழுதியதுமில்லை.

இலவசக் கல்வி தந்த கன்னங்கரா 1947 தேர்தலில் தமது மத்துகம தொகுதியிலேயே தோற்றார். 1969இல் மறைந்தார். அவரது பெயரை நாம் மறக்கவில்லை. ஆனால், அவரைக் கண்டெடுத்தது ஒரு புள்ளிப் பட்டியல் அல்ல, ஓர் ஆசிரியரின் கண் என்பதை மறந்துவிட்டோம். பரீட்சை இருக்கட்டும். எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத பிள்ளையை உற்றுப்பார்க்கும் ஆசிரியருக்கு நேரமும் அதிகாரமும் கொடுப்பது யார்?