மலைப்பூண்டும் தோடர் பூ வேலையும்

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்ததை நம்மில் பலர் கொண்டாடினோம். பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே வருடம்தான். ஆனால் நமக்கு வடமேற்கே நீலகிரியில், தோடர் இனப் பெண்களின் எம்பிராய்டரி 2013லேயே இதை வாங்கிவிட்டது. அதன் கதை கொஞ்சம் வேறு மாதிரி.

தோடர்கள் எருமை வளர்த்து வாழ்ந்த மலை மக்கள். அவர்களிடம் தறி கிடையாது! கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணியை வெளியிலிருந்து வாங்கி, அதில் சிவப்பு, கறுப்பு நூலால் பெண்கள் பூ வேலை செய்வார்கள். அப்படி உருவாகும் போர்வைதான் பூத்துக்குளி. சடங்குகளில் அதைப் போர்த்திக்கொள்வார்கள். இறந்தவரை வழியனுப்புவதும் அதில் சுற்றித்தான்.

இதற்கு மாதிரிப் படம் எதுவும் வரைவதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி போக வேண்டும். எண்ணிக்கை தப்பினால் வரிசையே கோணிவிடும். புத்தகம் பார்த்துப் படிக்கிற வித்தை இல்லை இது. அம்மா, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பழக வேண்டும்.

1901 கணக்கெடுப்பில் தோடர்கள் எண்ணூறு சொச்சம் பேர். அந்தக் காலத்தில் நேரில் வந்து ஆராய்ந்த ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1906ல் அவர்களைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். 2011ல் சுமார் 2000 பேர். அதாவது ஒரு சிறிய கிராமத்து ஜனத்தொகை. இதில் ஒரு தலைமுறைப் பெண்கள் ஊசியைக் கீழே வைத்தால் போதும், கலை நின்றுவிடும்.

வணிகவியல் மாணவனாக எனக்குப் படுவது இதுதான். புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், கூலியைக் காக்காது. அதே டிசைனை மெஷினில் போட்டு வேறு பெயரில் மலிவாக விற்பவரை அது தடுப்பதில்லை. பூண்டுக்கு மண்ணும் குளிரும் ஓரளவு காவல். பூ வேலைக்கு அந்தக் காவல் கிடையாது. ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் உழைப்பு. அந்த மணி நேரங்களுக்கு ஊட்டியில் ஒரு கடை வேலை தரும் சம்பளமாவது தேறாவிட்டால், கல்லூரி முடித்த பெண் எதற்கு ஊசியைத் தொடுவாள்?

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையிலும் இதே சிக்கல் வந்தது. பெருவின் குஸ்கோவில் 1996ல் நெசவாளர்களே சேர்ந்து ஒரு மையம் தொடங்கினார்கள். பெரியவர்கள் நெய்ததற்கு நியாய விலை, பிள்ளைகள் கற்றுக்கொள்ளத் தனிக் குழுக்கள், இரண்டும் அங்கே சேர்ந்தே நடக்கின்றன. இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

ஊட்டி போனால் சால்வையின் விலையைப் பேரம் பேசுவதற்கு முன், அதைத் தைத்தது யார், அவருக்கு எவ்வளவு போகும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள்.