அங்காடிக் காரும் சோழவரமும்: ஓர் ஓட்டப் பந்தய வரலாறு

நம் வட்டத்தின் பத்தாமாண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, சங்க இலக்கியத்தில் தேர் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைத் தொட்டுத் தொடங்கவும் செய்தேன். இரண்டு பக்கம் எழுதிய பின் பேனா நின்றுவிட்டது. தேரைப் பற்றி எழுதியோர் பலர். தேருக்குப் பின் வந்த விசை வண்டியைப் பற்றி, அதிலும் அதன் ஓட்டப் பந்தயத்தைப் பற்றித் தமிழில் எழுதியோர் மிகச் சிலர். காந்தி மார்க்கெட்டின் வெங்காய மண்டித் தெருவில் பிறந்து வளர்ந்த எனக்கு, அவ்வரலாற்றின் ஒரு சிறு துண்டு வீட்டுப் பெட்டியிலேயே கிடந்தது. தலைப்பை மாற்றிக்கொண்டமைக்கு மலர்க்குழுவினர் பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஒரு சொல்லைப் பார்க்கலாம். அமெரிக்காவில் 'ஸ்டாக் கார்' பந்தயம் என்றொரு வகை உண்டு. 'ஸ்டாக்' என்றால் என்ன என்று நம் மண்டிக்காரர்களைக் கேட்டால் போதும். கிடங்கில் இருக்கும் சரக்கு, எவரும் விலை கொடுத்து வாங்கக்கூடியது என்பார்கள். அமெரிக்கர் கொண்ட பொருளும் அதுவே. பந்தயத்திற்கென்றே செய்யப்படாமல், கடையில் நின்ற வண்டியை அப்படியே ஓட்டிவருவதுதான் ஸ்டாக் கார். 'அங்காடிக் கார்' என இதைத் தமிழாக்கலாம் என்பது என் கருத்து. நாளங்காடி, அல்லங்காடி என வணிகத்திற்குச் சொல் வளம் சேர்த்த மொழிக்கு இது பாரமன்று.

அந்த அங்காடிக் கார் பந்தயம் பிறந்த கதை சுவையானது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பில் இருந்தது. தென்கிழக்கு மலைநாட்டில் கள்ளச்சாராயம் காய்ச்சியோர் அதை இரவில் நகரங்களுக்குக் கடத்தினர். காவலர் கண்ணில் வண்டி சாதாரணமாகத் தோன்ற வேண்டும். துரத்தினால் பறக்கவும் வேண்டும். ஆகவே வெளித்தோற்றத்தை மாற்றாமல் எஞ்சினையும் வில்தகடுகளையும் மட்டும் திருத்தினர். 1932இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு உருளை எஞ்சினை எளிய விலைக் காரில் பொருத்தி விற்றது அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. மதுவிலக்கு நீங்கிய பின்னும் வரிக்கு அஞ்சிக் கடத்தல் தொடர்ந்தது. யார் வண்டி விரைவானது என்ற வீம்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் உழுத நிலங்களிலும் கண்காட்சித் திடல்களிலும் பந்தயமாக வடிவெடுத்தது.

1947 டிசம்பரில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச் நகரத்து விடுதி ஒன்றில் பில் ஃபிரான்ஸ் என்பவர் பந்தயக்காரர்களைக் கூட்டினார். அதன் பயனாக 1948இல் 'நாஸ்கார்' என்னும் அமைப்பு தோன்றியது. 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரின் முக்கால் மைல் மண் களத்தில் அங்காடிக் கார்களுக்கென்றே முதல் பெரும் பந்தயம் நடந்தது. முதலில் வந்தவர் கிளென் டனவே. அவரது காரைச் சோதித்தவர்கள், சாராயச் சுமையைத் தாங்குவதற்கெனப் பின்புற வில்தகடு திருத்தப்பட்டிருப்பதைக் கண்டு வெற்றியைப் பறித்து, இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்கு அளித்தனர். சாராய வண்டியிலிருந்து பிறந்த விளையாட்டு, தன் முதல் பந்தயத்திலேயே சாராய வண்டியை விலக்கிவைத்தது. இதைக் காப்பிய முரண் எனலாமா என்பதைக் கவிஞர்கள் முடிவு செய்யட்டும். அன்று ஓட்டியவருள் சாரா கிறிஸ்டியன் என்ற பெண்ணும் ஒருவர். லூயிஸ் ஸ்மித் என்ற மற்றொரு பெண்ணும் அதே ஆண்டில் நாஸ்கார் களங்களில் ஓட்டினார்.

ஒரு மைலுக்குக் குறைந்த சுற்றளவுள்ள களத்தைக் குறுங்களம் என்பர். வட கரோலினாவின் பௌமன் கிரே அரங்கில் கால்பந்துத் திடலைச் சுற்றிக் கால் மைல் ஓடுபாதை உள்ளது. 1949 முதல் அங்கே கோடைச் சனிக்கிழமை இரவுகளில் பந்தயம் நடந்துவருகிறது. வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் களம் 1947இல் திறக்கப்பட்டது. அரை மைலுக்குச் சற்றே மிகுந்தது. தாள் செருகி போன்று இரு நீள நேர்பாதைகளும் இரு கூரிய வளைவுகளும் உடையது. வெல்பவருக்கு ஆளுயர நிலைக்கடிகாரம் பரிசு. இக்களங்களில் வண்டிகள் இடப்பக்கமே திரும்புகின்றன. எனவே எடையை இடப்புறம் சாய்த்து வைப்பர். வலப்பக்கச் சக்கரத்தைச் சுற்றளவில் சற்றுப் பெரிதாக்குவர். வண்டி தானாகவே இடப்பக்கம் இழுக்கும். செக்கு மாட்டை நினைத்துக்கொண்டால் நமக்கு இது எளிதில் விளங்கும். குறுங்களத்தில் எஞ்சினின் வலிமையைவிட, நெருக்கத்தில் இடித்துக்கொண்டும் வழி காணும் கைத்திறனே வெல்லும். இரவு பத்து மணிக்குச் சரக்கு லாரிகள் நுழையும் நம் மார்க்கெட்டின் சந்துகளில் வளர்ந்தோர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. போர் முடிந்தது, ஓடுபாதை எஞ்சியது. உலகின் பல பந்தயக் களங்களுக்கு இதுவே பிறப்பு வரலாறு. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டன் போர்க்கால விமானத் தளமே. இலங்கையின் கட்டுக்குருந்தையும், வங்கத்தின் பராக்பூரும் அவ்வாறே. 1953இல் தொடங்கப்பெற்ற மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தைத் தன் களமாக்கிக்கொண்டது. அதன் முன்னோடிகளுள் ஒருவர் இந்து சந்தோக். அவருடைய பேரன் கருண் சந்தோக் 2010இல் ஃபார்முலா ஒன் களத்தில் ஓட்டினார்.

சோழவரத்தில் பார்வையாளர் மாடங்களோ, செவ்வையான தடுப்புச் சுவர்களோ பெரிதாக இல்லை. தார்ப் பீப்பாய்களும் வைக்கோல் கட்டுகளுமே வளைவுகளைக் காட்டின. ஆண்டுதோறும் குளிர் விடும் பருவத்தில் பந்தயம் நடக்கும். கோண்டல் அரசர் போன்ற செல்வர்கள் வெளிநாட்டுக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டினர் என்பது உண்மையே. இதழ்களில் படமாக வந்தவையும் அவைதாம். ஆனால் களத்தில் மிகுந்திருந்தவை வேறு. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம் அது. நாட்டில் கிடைத்தவை அம்பாஸடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்னும் மூன்றே. ஹெரால்டு நம் வண்டலூர்ப் பக்கத்தில் செய்யப்பட்டது. அவற்றைப் பெறவும் பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வார நாளில் அலுவலகத்திற்குப் போன கார், முன்பின் தாங்கு கம்பிகளையும் இருக்கைகளையும் கழற்றிவிட்டு, கதவில் எண்ணெழுதிக்கொண்டு சோழவரம் வந்தது.

இங்கேதான் நான் ஒரு கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். அமெரிக்கர் அங்காடிக் காரை விதியாக எழுதிவைத்தனர். நமக்கு அவ்விதியை எழுதியது வறுமை. அவர்களுடைய கிடங்கில் நூறு வகை நின்றன. நம்முடைய கிடங்கு காலி. இருந்தும், அல்லது அதனாலேயே, நம் பட்டறைக்காரர்களின் கை வளர்ந்தது. எஞ்சின் தலையைச் சிறிது இழைத்து அழுத்த விகிதத்தைக் கூட்டுவது, காற்றும் எரிபொருளும் செல்லும் துளைகளை அரத்தால் அகலப்படுத்தி வழவழப்பாக்குவது, ஒற்றைக் கார்பரேட்டரை இரட்டையாக்குவது, வில்லைத் தாழ்த்துவது ஆகியவற்றை நூலில் படித்துக் கற்றவர் சிலரே. கெடுத்துக் கற்றவர்களே பலர். ஃபியட் எஞ்சினைக் கழற்றிக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி ஒற்றை இருக்கை வண்டிகளைச் செய்தோரும் உண்டு.

அவ்வழியின் முகடு கோவையைச் சேர்ந்த கரிவரதன். ஆலைத் தொழில் குடும்பத்தில் 1954இல் பிறந்தவர். தாமே ஓட்டுநர், தாமே வடிவமைப்பாளர். 1983 இறுதியில் மாருதி 800 வந்தது. அதன் 796 கன செ.மீ. எஞ்சினைக் கொண்டு எளிய விலையில் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை அவர் உருவாக்கினார். 1988இல் தொடங்கிய ஃபார்முலா மாருதி பந்தயம் அதன் விளைவு. எல்லாரிடமும் ஒரே வகை வண்டி. எனவே பணத்தின் வேற்றுமை குறைந்து திறனின் வேற்றுமை தெரிந்தது. நாராயண் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டிய வண்டிகளுள் இதுவும் ஒன்று. நடிகர் அஜித் குமாரும் இதில் ஓட்டியிருக்கிறார். கரிவரதன் 1995இல் வானூர்தி விபத்தில் மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சோழவரம் 1980களின் இறுதியோடு ஓய்ந்தது. 1990இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளத்தில் பந்தயத்திற்கென்றே அமைந்த களம் திறக்கப்பட்டது. பாதுகாப்பு மிகுந்தது, அதில் எனக்கு மறுப்பில்லை, வைக்கோல் கட்டை நம்பி மனித உயிரை விடக் கூடாது. 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய தெருக்களில் 3.5 கி.மீ. இரவுப் பந்தயமும் நடந்தது. பொதுப்பணத்தை இதற்குச் செலவிடலாமா என்ற வினா நீதிமன்றம் வரை சென்றது. அவ்வினா நியாயமானதே என்பேன். புதுக்கோட்டை, சிவகங்கைச் சாலைகளில் பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு எனப் பிரிவு வகுத்து நடக்கும் மாட்டு வண்டிப் பந்தயத்தைப் பார்த்தவள் நான். கார்ப் பந்தயத்தில் எஞ்சின் கொள்ளளவால் பிரிப்பதும் இதுவும் ஒரே அறிவின் இரு தோற்றங்கள். அந்தப் பந்தயத்தைக் காண மாடம் கட்ட வேண்டியதில்லை. ஊரே வரப்பில் நிற்கும்.

இரு வரலாறுகளும் ஓரிடத்தில் சந்தித்தன. அது பெரும்பாலும் கவனிக்கப்படவில்லை. 2005இல் ஃபார்முலா ஒன் களம் கண்ட முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன், 2010 மார்ச் 27 அன்று நாஸ்காரின் சரக்கு வண்டிப் பந்தயத்தில் இறங்கினார். களம், நான் மேலே சொன்ன அதே மார்ட்டின்ஸ்வில். உலகின் மிக விரைவான வண்டிகளை ஓட்டிய கோவைக்காரர், அந்தத் தாள் செருகிக் களத்தில் சிறு லாரி வடிவ வண்டியை ஓட்டி 13ஆவதாக வந்தார். அவ்வாண்டு அத்தொடரில் மக்கள் மிகவும் விரும்பிய ஓட்டுநர் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது. நம் இதழ்கள் அவரது ஃபார்முலா ஒன் நாள்களைப் பக்கம் பக்கமாக எழுதின; இதற்கு மூலையில் ஒரு பத்தி ஒதுக்கினால் உண்டு.

மார்ட்டின்ஸ்விலுக்கு அண்மையில் டேன்வில் என்றோர் ஊர். அவ்வூரினர் வெண்டல் ஸ்காட் என்ற கறுப்பினத்தவர், வாடகைக் கார் ஓட்டியவர், சாராயமும் கடத்தியவர், தம் வண்டியைத் தாமே பழுது பார்த்தவர். 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில் நகரின் அரை மைல் மண் களத்தில் அவரே முதலில் வந்தார். கொடி அசைத்தது மற்றொருவருக்கு, கோப்பையும் அவருக்கே. கூட்டம் கலைந்த பின், கணக்கில் பிழை நேர்ந்தது என்று சொல்லி ஸ்காட்டின் வெற்றியை ஒப்புக்கொண்டனர். அவர் 1990இல் இறந்தார். உரிய கோப்பை அவர் குடும்பத்தார் கைக்கு வந்தது 2021இல். கணக்கு எழுதுவோர் கை எவ்வளவு முக்கியமானது என்பதற்காகவே இதை இவ்வளவு விரித்துச் சொன்னேன்.

ஏனெனில் என் பெரியப்பா கணக்கு எழுதுபவர். வெங்காய மண்டி ஒன்றில் முப்பது ஆண்டுகள் பேரேடு எழுதினார். மார்க்கெட்டுக்கு வெளியே இருந்த லாரிப் பட்டறையில் மாலை நேரத்தைக் கழிப்பார். அப்பட்டறை மேஸ்திரிக்குச் சென்னையில் ஒரு பந்தயக்காரருடைய எஞ்சினைத் திருத்தும் வேலை வந்ததால், ஆண்டுக்கொரு முறை மலைக்கோட்டை விரைவு வண்டியில் ஏறிச் சோழவரம் போவது வழக்கமாயிற்று. மேஸ்திரியோடு பெரியப்பாவும், விடுமுறை வாய்த்தால் அண்ணன்மாரும் போவார்கள். 1987 என்று நினைக்கிறேன். எனக்கு எட்டு வயது. நானும் வருவேன் என்று வாசலில் அழுதேன். "அங்கே பொம்பளைப் பிள்ளைக்கு என்ன வேலை பாப்பா, காது செவிடாயிடும்" என்று பெரியம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். சாரா கிறிஸ்டியன் பெயரை அன்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை, பெரியம்மாவுக்கும்தான்.

சென்ற ஆண்டு பெரியப்பா காலமானார். மண்டிப் பேரேடுகளைப் பழைய தாளுக்குப் போட எடைக்காரர் தராசைத் தூக்கிய நேரத்தில், நடுவில் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் இருப்பதைப் பார்த்து எடுத்துக்கொண்டேன். ஐந்து ஆண்டுச் சோழவரம் பந்தயங்கள் அதில் வரவு செலவுப் பத்தி போட்டு எழுதப்பட்டுள்ளன. வண்டி எண், வகை, சுற்றுக்கு எடுத்த நேரம், நின்றுபோனால் காரணம். 'தண்ணி கொதிப்பு', 'கியர் மாட்டல்', 'ஆக்சில் போச்சு' என்று மண்டி மொழியிலேயே குறிப்பு. ஓட்டியவர் பெயருக்குப் பத்தி இல்லை. அவ்விடத்தில் 'மேஸ்திரி' என்று தலைப்பிட்டு, வண்டியைத் திருத்தியவர் பெயரையும் ஊரையும் எழுதியிருக்கிறார். ஓட்டியவர் பெயரைச் செய்தித்தாள் போடும் என்று நினைத்தார் போலும். இருபத்தேழு பெயர்கள் உள்ளன. ஒன்பது பேர் நம் திருச்சியினர். அவர்தம் குடும்பத்தாரின் இசைவு பெறாமல் அப்பெயர்களை இங்கே அச்சிட எனக்கு உரிமையில்லை. பட்டறை பட்டறையாகக் கேட்டுவருகிறேன். இதுவரை நால்வரின் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஒருவர் உயிரோடிருக்கிறார், காது கேட்கவில்லை. நான் எழுதிக் காட்ட அவர் பேசுகிறார். வட்டத்து அன்பர்களுக்குப் பழைய மேஸ்திரிமார் குடும்பங்களைத் தெரிந்திருந்தால் அடுத்த கூட்டத்தில் எனக்குச் சொல்லியுதவ வேண்டுகிறேன்.

நோட்டின் 1987ஆம் ஆண்டுப் பக்கத்தில் பயணச் செலவு உள்ளது. பெரியவர் இருவர், பையன்கள் இருவர் எனச் சீட்டுக் கட்டணம் எழுதி, அதன் கீழே 'பாப்பா, அடுத்த வருஷம்' என்று குறித்திருக்கிறார். அடுத்த ஆண்டுப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் கட்டணம் மட்டுமே இருக்கிறது.