மண்ணுக்கேற்ற மனை

இலண்டனின் கிழக்கே ஈஸ்ற்ஹாமிலும் இல்பேர்ட்டிலும் வாழும் எம்மவருக்கு எசெக்ஸ் அயல் மாவட்டமாகும். அங்குள்ள கிராமங்களிற் செங்குத்தாய்ச் சரிந்த ஓட்டுக் கூரைகளையும், சாந்து பூசிய சுவர்களையும், பலகை அடித்த சுவர்களையும் காணலாம். அவ்வீடுகளுட் சில நூற்றாண்டுகள் பழையவை. சில அண்மையில் எழுந்தவை. இவ்வொற்றுமை தற்செயலானதன்று.

முதலாம் உலகப் போரின் பின்னர் இலண்டன் மாநகர் நெடுஞ்சாலைகள் வழியே நாட்டுப்புறத்தை விழுங்கத் தொடங்கியது. இதனை எதிர்த்து 1926 இல் கிராமிய இங்கிலாந்தைப் பேணும் சபை தோன்றியது. 1935 இல் சாலையோரக் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் சட்டமும், 1938 இல் இலண்டனைச் சூழ்ந்த பசுமை வலயச் சட்டமும் பிறந்தன. 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அனுமதியின்றிப் புதிய கட்டடம் எழுப்ப இயலாதாயிற்று.

எங்கே கட்டலாம் என்பது இவ்வாறு முடிவாயிற்று. எப்படிக் கட்டுவது என்பது முடிவாகவில்லை. எவ்வூருக்கும் உரியதல்லாத, ஒரே அச்சில் வார்த்த வீடுகள் எங்கும் பெருகின. 1973 இல் எசெக்ஸ் மாவட்ட சபை ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. கூரையின் சரிவு, யன்னலின் அளவு, செங்கல்லின் நிறம், தெருவின் அகலம் ஆகியன அவ்வட்டார மரபைத் தழுவ வேண்டும் என அது வற்புறுத்தியது. பழைமையின் போலி எனச் சிலர் அதனை இகழ்ந்தனர்.

போலியின்றியும் மரபைப் பேணலாம் என்பதற்கு எமது தீவிலேயே சான்றுண்டு. இலண்டனிற் பயின்று, 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் கழகத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண்மணி மினற் டி சில்வா, கண்டியில் நவீன வீடுகளை உள்ளூர்க் கைவினைஞரின் கைவண்ணத்தோடு அமைத்தார்.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை எண்ணிப் பாருங்கள். நடு முற்றம் காற்றையும் ஒளியையும் தந்தது. சுண்ணாம்புக்கற் சுவரும் பனஞ்சலாகையும் அம்மண்ணிலேயே கிடைத்தவை. திண்ணை உறவினரை வரவேற்றது. சங்கடப்படலை வழிப்போக்கருக்கும் நிழல் கொடுத்தது. போர் அவற்றுட் பலவற்றை அழித்தது. 2009 இல் போர் ஓய்ந்தபின் வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த வீடுகள் பலவற்றில் முற்றமும் இல்லை, திண்ணையும் இல்லை.

ஊரில் வீடு கட்டப் பணம் அனுப்புவோர் முதலில் தம் வீட்டு முதியோரிடம் பழைய வீட்டின் அமைப்பைக் கேட்டு வரைந்து வைத்தல் வேண்டும். இடிந்த சுவரை மீண்டும் எழுப்பலாம்; அதன் அளவை அறிந்தவர் மறைந்தபின் யாரைக் கேட்பது?