நெடுஞ்சாலை வெண்கோடும் அதன் அளவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே எல்லை என்னும் சொல்லின் கனத்தை அறியாதார் இலர். கிடுகுவேலி ஒரு சாண் நகர்ந்ததன் பொருட்டு உடன்பிறந்தோரே வழக்காடிய கதைகள் ஊர்தோறும் வழங்குவன. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, காணியுரிமைக்கும் அதன் கைமாற்றத்திற்கும் எத்துணை இடமளித்தது என்பதும் கற்றோர் அறிந்ததே. ஆயின் வேலிக்கு வெளியே, தெருவின் நடுவில் வெண்மையால் இடப்பட்டுள்ள எல்லையைக் கருத்திற் கொள்வார் மிகச் சிலர். அக்கோடு எத்துணை நீளம், இரு கோடுகளுக்கு இடையே எத்துணை வெளி என்பன மனம்போனவாறு அமைந்தன அல்ல. அவ்வளவுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவற்றுள் மனித உயிரைப் பற்றிய ஒரு கணக்கும் உண்டு.

மாட்டுவண்டிக் காலத்துத் தெருவிற்குக் கோடு வேண்டியிருக்கவில்லை. எதிரெதிரே வந்த வண்டிகளுள் ஒன்று ஒதுங்கும், மற்றையது செல்லும். வேண்டியிருப்பினும் இட்டுப் பயனில்லை. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். தெருக்களும் அக்கல்லை உடைத்துப் பரப்பியே அமைக்கப்பட்டன. கோடையிலே வெண்புழுதி படியும் தெருவில் வெள்ளைக் கோடு எங்ஙனம் தோன்றும்? தாரின் கருமை பரவிய பின்னரே வெண்கோட்டிற்கு இடம் வாய்த்தது. இலங்கை மண்ணில் மோட்டார் வண்டி 1902இல் முதன்முதல் ஓடிற்று. 1905இல் காங்கேசன்துறைவரை இருப்புப்பாதை முற்றுப்பெற்றமையால், குடாநாட்டாரின் நெடும்பயணங்கள் நெடுங்காலம் புகையிரதத்தையே சார்ந்து நின்றன.

மேனாட்டிலோ மோட்டார் வண்டி பெருகிய விரைவிலேயே கோடும் தோன்றிற்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வெயின் கவுண்டியில், எட்வேட் ஹைன்ஸ் என்பாரின் முயற்சியால் 1911இல் தெருவின் நடுவே கோடு இடப்பட்டது. பால்வண்டி ஒன்றிலிருந்து ஒழுகிய பால், தெருவில் வரைந்து சென்ற கோடே அவருக்கு இவ்வெண்ணத்தைத் தந்தது என்பர். 1917இல் கலிபோர்னியாவில் ஜூன் மக்கறோல் என்னும் பெண் மருத்துவர், எதிரே வந்த லொறியால் தெருவை விட்டு மணலில் இறங்க நேர்ந்தபின், தாமே தெருவில் கோடு வரைந்தார் என்பது மற்றொரு செய்தி. பிரித்தானியாவில் போக்குவரத்து அமைச்சு 1926இல் இக்கோடுகளுக்கு வழிகாட்டி வகுத்தது. இடப்பக்கம் செல்லும் முறையைப் போலவே தெருக்குறிகளைப் பற்றிய சிந்தனையும் அந்நாட்டிலிருந்தே இலங்கைக்கு வந்தது.

இனி அளவுகளை நோக்குவோம். பிரித்தானிய முறையில், மணிக்கு 40 மைலுக்கு மேற்படாத வேகம் விதிக்கப்பட்ட தெருவின் நடுக்கோடு 2 மீற்றர் நீளமும் 4 மீற்றர் இடைவெளியும் உடையது. அதனினும் வேகம் கூடிய தெருவில் 3 மீற்றர் கோடும் 6 மீற்றர் வெளியும். அமெரிக்க நெடுஞ்சாலையில் 10 அடிக் கோட்டிற்கு 30 அடி வெளி. கோட்டினும் வெளி மிகுந்திருப்பதே பொதுவிதி. ஆபத்து மிகுந்த இடத்திலோ இவ்விகிதம் தலைகீழாகும்: 4 மீற்றர் கோடு, 2 மீற்றர் வெளி. எழுத்தொன்றும் இன்றி, நீளத்தை மட்டும் மாற்றி எச்சரிக்கும் இம்மொழி வியக்கத்தக்கது. மணிக்கு 60 கிலோமீற்றர் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீற்றரைக் கடக்கும். எனவே 6 மீற்றருக்கு ஒன்றாக இடப்பட்ட கோடுகளில் நொடிக்கு மூன்று அதன்கீழ் மறையும். வேகம் கூடக்கூடக் கோடும் வெளியும் நீளவேண்டும் என்பதன் காரணம் இதுவே. இன்னொரு விந்தை: அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து ஆய்வாளர் மாணவரிடம் இக்கோட்டின் நீளத்தை வினவியபோது, இரண்டடி என்ற விடையே மிகுதியாகக் கிடைத்ததாம். இருக்கையிலிருந்து சாய்ந்து நோக்கும் கண்ணுக்குப் பத்தடி அவ்வாறு சுருங்குகின்றது.

இக்கணக்கைக் குடாநாட்டில் வைத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். நகர்ப்புறத்துக்கு வெளியே காருக்கு 70 கிலோமீற்றர், முச்சக்கரவண்டிக்கு 40 என இலங்கையில் வேக எல்லைகள் விதிக்கப்பட்டன. 40இல் செல்வதனை 70இல் செல்வது முந்துவதற்கு ஐந்து நொடி ஆகும் எனக் கொண்டால், அதற்குள் கார் ஏறக்குறைய 97 மீற்றரைக் கடந்துவிடும். எதிரே அதே வேகத்தில் வருவதும் 97 மீற்றர் நெருங்கிவிடும். ஆகவே 200 மீற்றர்க்கேனும் பார்வை தடையின்றி இருத்தல் வேண்டும். குடாநாடு மேடுபள்ளம் அற்றது; எனினும் வேலியும் மதிலும் கோயில் மூலையும் பார்வையை மறைக்கின்றன. மலைநாட்டில் மலை செய்வதை இங்கே மதில் செய்கின்றது.

இவையனைத்தும் மோட்டார் வண்டியை மட்டுமே எண்ணிச் செய்த கணக்குகள். யாழ்ப்பாணத் தெருவோ துவிச்சக்கரவண்டியின் தெரு. 1990களில் எரிபொருள் தடையினால் பழைய ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் முக்கி முனகி ஓடியபோது, ஆசிரியரும் மாணவரும் வியாபாரியும் நோயாளியும் துவிச்சக்கரவண்டியிலேயே சென்றனர். கண்டியிலிருந்து வரும் ஏ 9 வீதியோ பல்லாண்டுகள் மூடிக்கிடந்தது. 2002 ஏப்பிரலில் முகமாலை வழியாகத் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மீண்டும் அடைபட்டது. 2009இல் போர் முடிந்தபின் அது அகலிக்கப்பட்டு, கண்ணாடி மணிகள் கலந்த கோடுகள் வண்டி விளக்கின் ஒளியில் மின்னலாயின. வேகமும் உடன் வந்தது. குண்டும் குழியுமான தெருவில் மெல்ல ஊர்ந்த லொறி, வழுவழுத்த தெருவில் தடையின்றிப் பாய்ந்தது.

ஆதலின் குடாநாட்டிற்கு நடுக்கோட்டினும் ஓரக்கோடே இன்றியமையாதது எனலாம். நடுக்கோடு இரு மோட்டார் வண்டிகளைப் பிரிப்பது. ஓரக்கோடோ மோட்டாரையும் மிதிப்பவரையும் பிரிப்பது. அக்கோட்டிற்கு அப்பால் எஞ்சும் நிலம் இரண்டு முழமா நான்கு முழமா என்பதிலேயே பள்ளிச் சிறுவன் பாதுகாப்புடன் வீடு சேர்வது தங்கியுள்ளது. அந்த ஓரத்திற்கும் போட்டி இல்லாமலில்லை. அறுவடைக் காலத்தில் தென்மராட்சியிலும் வன்னியிலும் உழவர் நெல்லைத் தார்த்தெருவின் ஓரத்திலேயே பரப்பி உலர்த்துவர். ஓரக்கோடுவரை நெல் பரவிக் கிடக்க, துவிச்சக்கரவண்டியில் வருபவர் மணியை அடித்துக்கொண்டே கோட்டிற்கு உட்புறமாக ஏறிச் செல்வர்.